ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் அக்காவின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், வீடு, மாடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி ஆகிய நால்வரும் நலம். அவ்விடம் தங்கள் நலத்தையும், தங்கள் வலது காலின் நலத்தையும், தங்கள் அக்காவின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். மரியாதை கருதி இந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். ஆவல் இதே வரிசையில் இல்லை.

'தங்கள்' என்று இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது மச்சான். நிவாரண லாரியில் போகிற கடிதங்களை ஆற்றுக்கு இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் அப்படி ஆரம்பித்தேன். படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கும் எங்கேயாவது ஒரு மச்சான் இருப்பான்.

நீ பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தாய். 'பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கிட்டு வந்துடறேன்' என்று உன் அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் சண்டை மூண்டு, பாலத்தை உடைத்து, டெலிபோன் கம்பத்தையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். பாலத்தை உடைத்த புண்ணியவான்கள் இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? இந்நேரம் உன் எலும்பு கூடி, நீ நடந்து, ஓடி, இன்னொரு பல்பைக்கூட மாற்றியிருப்பாய். அவள் மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பல்பின் மேல்தான் இருக்கிறது. மழைக்கு முன்னால் நிவாரண லாரியில் அவளிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'தொட்டி மூடியைச் சரியாக மூடவும். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். என் நாற்காலியில் ஈரத் துண்டு போட வேண்டாம்.' அவ்வளவுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்தச் சீட்டு வந்தபோது தொட்டி மூடி திறந்து கிடந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலியில் துண்டு இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்தபடி நெடுநேரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அவள் இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை என்று எனக்கே தெரிந்தது. இதை அவளிடம் சொல்லிவிடாதே. தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

இப்படி இருக்கையில் நகராட்சி அலுவலகச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். 'குடும்பத் தலைவர்கள் தேவை. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. மதியச் சாப்பாடு உண்டு.' விஷயம் என்னவென்றால், சண்டை போட்ட இரண்டு பக்கமும் களைத்துப்போய் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சமாதானத்தைக் கட்டிக்காக்க வெளிநாட்டிலிருந்து சிப்பாய்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஆற்றில் மிதவைப் பாலம் போட்டு உங்கள் பக்கம் வந்து, வீடு வீடாகப் போய், கண்ணிவெடி எங்கே புதைத்திருக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, யாருக்கு மருந்து வேண்டும் என்று விசாரிப்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. போன தடவை வேறு எந்த நாட்டுக்கோ போய், ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று தெரியாமல் பூட்ஸும் துப்பாக்கியுமாக நுழைந்து, மருந்து கொடுக்கப் போன இடத்தில் கல்லடி வாங்கிக்கொண்டு திரும்பினார்களாம். ஆகவே இந்தத் தடவை ஆற்றைத் தாண்டுவதற்கு முன்னால் நம் ஜனங்களின் பழக்கவழக்கங்களை நம் ஆட்களை வைத்தே கற்றுக்கொடுத்து அனுப்புவதென்று மேலிடத்து உத்தரவு. எனக்குப் பழக்கவழக்கத்தைப் பற்றி அக்கறை இல்லை. 'ஆற்றைத் தாண்டுவதற்கு முன்னால்' என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது. நேர்முகத் தேர்வில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "குடும்பத் தலைவரா உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் சார்?" என்று கேட்டாள். தலைமைப் பொறுப்பு முழுக்க என் மனைவியிடம் இருந்தது, நான் உதவியாளராகத்தான் வேலை பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, அவள்தான் சிப்பாய்களுக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவள்.

மூடிக்கிடந்த பிஸ்கட் தொழிற்சாலைக்குள் ஒரு தெருவையே கட்டியிருக்கிறார்கள் மச்சான். எல்லாம் பிளைவுட். என் வீட்டுக்குக் கதவு உண்டு, நிலை உண்டு, தாழ்ப்பாள்கூட உண்டு, கூரை மட்டும் கிடையாது. மேலே குறுக்குப் பலகை போட்டு அதன்மேல் அதிகாரிகள் நடந்துகொண்டே, நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்று எட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். பின்கதவைத் திறந்தால் கிணற்றடி இருக்க வேண்டிய இடத்தில் மாவு பிசைகிற ராட்சச இயந்திரம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. இடம் முழுக்க இன்னும் பழைய பிஸ்கட் வாசனை. எனக்கு ஒரு மனைவியையும் கொடுத்தார்கள். பயப்படாதே. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார்களே, அந்த அம்மாதான். சண்டை வந்த பிறகு யாரும் புதுத்துணி தைப்பதில்லை என்பதால் வந்திருக்கிறார். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதோ பாருங்க, காலைல ஒம்பது மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்தான் பொண்டாட்டி. நடுவுல சாப்பாட்டு நேரத்துல கிடையாது," என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டார். மிகவும் நல்ல மாதிரி. மதியம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

வேலை இதுதான். சிப்பாய்கள் நாலைந்து பேராக வருவார்கள். கதவைத் தட்டுவார்கள், உள்ளே வருவார்கள், டீ குடிப்பார்கள், விசாரிக்க வேண்டியதை விசாரிப்பார்கள், போவார்கள். மேலேயிருந்து விசில் ஊதும். யார் என்னென்ன தப்புச் செய்தார்கள் என்று கேப்டன் வாசிப்பார். பிறகு எல்லோரும் வெளியே போய் மறுபடியும் கதவைத் தட்ட வேண்டும். வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏதாவது தாள் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "உங்க வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, போதும்," என்றாள் மொழிபெயர்ப்புப் பெண். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அப்படியே இருங்கள் என்றால் நான் எப்படி இருப்பேன்? என் வாழ்நாள் பூராவும் கடை கடையாக நுழைந்து தராசும் எடைக்கல்லும் சோதித்தவன் நான். என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். எந்த வாசலிலும் 'உள்ளே வரலாமா' என்று கேட்டுப் பழக்கமில்லாதவன் என்று உனக்கே தெரியும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்குள்ளேயே நான் அப்படி நுழைந்ததைப் பார்த்து உன் அக்கா, "சோதனைக்கு வந்த மாதிரி வராதீங்க. தட்டிட்டு ரெண்டடி பின்னால போய் நில்லுங்க. யார் வந்திருக்கான்னு நான் ஜன்னல்லேர்ந்து முழுசாப் பார்க்கணும்," என்றாள். அன்றிலிருந்து என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்கிறவன் நான். அவள் பார்த்து, நான்தான் என்று தீர்மானம் செய்து, வந்து திறப்பாள். ஆகவே, முதல் சிப்பாய் கதவைத் தட்டிவிட்டு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் என்னையறியாமல், "ரெண்டடி பின்னால போய் நில்லு. ஜன்னல்லேர்ந்து முழுசாத் தெரியணும்," என்று சத்தம் போட்டுவிட்டேன். மேலே கேப்டன் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். மறுநாள் தெரு முழுக்க எல்லா வீட்டு வாசலிலும் சிப்பாய்கள் இரண்டடி பின்னால் நின்றார்கள்.

அதற்கப்புறம் வாயைக் கட்ட முடியவில்லை. டீயை முதல் மடக்கிலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, பாதி குடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்வதாக ஆகும் என்றேன். உன் அக்கா அப்படித்தானே நினைப்பாள்? நனைந்த குடையைக் கதவுக்குப் பின்னால் சாத்தக் கூடாது, குளியலறையில் விரித்து வைக்க வேண்டும் என்றேன். செய்தித்தாள்மேல் டம்ளரை வைக்கக் கூடாது, வீட்டுக்காரி கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள், இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டாள் என்றேன். எழுந்து போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்றேன், அந்த பிளைவுட் வீட்டில் ஃபேனே கிடையாது, சுவரில் ஒரு சுவிட்ச் மட்டும் வரைந்திருக்கிறார்கள், பாவம் அதையும் ஒவ்வொருவனாகத் தொட்டுவிட்டுப் போனான். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பூட்டு. உன் அக்கா வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போவாள், சந்தேகம் வந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள், அப்புறம்தான் பஸ்ஸோ, ரயிலோ எதுவானாலும். நான் அதையும் சொல்லித் தொலைத்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒருநாள் பார்க்கிறேன், ஆயுதம் தாங்கிய பன்னிரண்டு சிப்பாய்கள் என் வீட்டிலிருந்து அணிவகுத்துக் கிளம்பி, பிஸ்கட் தொழிற்சாலையின் மூலை வரை போய், மொத்தமாகத் திரும்பி வந்து, ஒவ்வொருவனாகக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வீட்டுக்குக் கிளம்பின அன்றைக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? பழக்கதோஷத்தில் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். நான் ஜன்னலில் நின்று கூப்பிட்டதும் தலையில் அடித்துக்கொண்டு வந்து திறந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று தெரிந்தும் கதவை வெளியேயிருந்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். நான் உள்ளேயிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.  பத்து நாளில் வரப்போகிறவளிடம் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன் மச்சான்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். என் பிளைவுட் வீட்டில் ஜன்னலை ஒட்டி, நம் வீட்டில் உன் அக்காவுடையது மாதிரியே ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருந்தார்கள். நெட்டையன் என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு சிப்பாய், நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் நுழையாதவன், நேராகப் போய் அதில் உட்காரப் போனான். "அதுல உட்காராதே," என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டான். மேலேயிருந்து விசில். கேப்டன் ஏணியில் இறங்கியே வந்துவிட்டார். ஏன் உட்காரக் கூடாது, அது யாருடைய நாற்காலி என்று மொழிபெயர்ப்புப் பெண்ணை விட்டுக் கேட்டார். வீட்டுக்காரியுடையது என்றேன். கேப்டன் என் பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்தார். இவங்க இல்லை, வேற என்றேன். தையல்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் எங்கே என்று கேப்டன் மெதுவாகக் கேட்டார்.   ஆறு இருக்கிற திசையில் கையைக் காட்டினேன். குறுக்கே பிளைவுட் சுவர் இருந்ததால் கை கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது. கேப்டன் என் கை போன வழியே பார்த்தார். கூரை இல்லாத வீடு, தொழிற்சாலையின் தகரக் கூரையும் சண்டையில் பிய்ந்துபோயிருந்ததால் மேலே வானம்தான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டார். உடனே நெட்டையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். எல்லோரும் கழற்றிக்கொண்டு நாற்காலியைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார்கள். எதற்கு இதெல்லாம் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் தலைகுனிந்து நின்றேன். மறுநாளிலிருந்து தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி போட்டுவிட்டார்கள். சிப்பாய்கள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அதைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. நம் வீட்டுக் கதவை யாரும் தட்டி மாதக்கணக்காகிறது. இங்கே நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். இரண்டடி தள்ளி யாரோ நிற்கிறார்கள். உன் அக்காவுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் நான் இப்படித்தான் தெரிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போய்த் திறக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து நம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், அங்கே கூரை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, எல்லாம் நிஜம், ஆனால் அதுதான் யாரோ கட்டிப்போட்ட பொம்மை வீடு மாதிரி இருக்கிறது. ஒருநாள் நம் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், சாவி தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரன் என்பவன் பிளைவுட்டில் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன்தான். எனக்கு அடுத்த வீட்டில் குடும்பத் தலைவராக இருப்பவர் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர். அவர் வீட்டு ஜன்னலோரத்தில்தான் காற்று வருமாம். காலி நாற்காலி போட்டதால் மனுஷருக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது, இது அந்த ஆள் சொந்தமாகக் கட்டிவிட்ட கதை என்று கேப்டனிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். தையல்காரம்மாதான் ஓடிவந்து எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும். நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் யாரோ ஒரு பொம்பளை சொன்ன மாதிரியே இருக்கு. அவங்களைத் தேடுதா உங்களுக்கு?" என்றார். தேடுகிறது என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்தில் என் மூலைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் முன்பு கணக்குப்பிள்ளை உட்கார்ந்த அறை. சுவர் முழுக்க உங்கள் பக்கத்து வரைபடம். இது நாட்டு வழக்கமா, உங்கள் வீட்டு வழக்கமா என்று மொழிபெயர்ப்புப் பெண் மூலமாக நேராகவே கேட்டார். என்னைக் கண்டு தராசைத் துடைத்த கடைக்காரர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"எங்க வீட்டு வழக்கம்தான் சார். என் வீட்டுக்காரி வழக்கம். வேற எந்த வழக்கமும் எனக்குத் தெரியாது. அப்படியே இருங்கன்னு சொன்னீங்க, இருந்துட்டேன். உங்க பசங்க ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போறாங்க. போற வழியில அவ இருக்கிற வீட்டுக் கதவையும் தட்டுவாங்க. தட்டுறவன் அவளுக்குப் பிடிச்ச மாதிரி தட்டட்டுமேன்னு ஒரு ஆசை."

மொழிபெயர்ப்புப் பெண் இதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கேட்டுக்கொண்டே வந்த கேப்டன் சட்டென்று நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"அவங்க உயிரோடவா இருக்காங்கன்னு கேட்கிறார் சார்."

"பின்னே? தொட்டி மூடியை மூடச் சொல்லி மழைக்கு முன்னாலகூடச் சீட்டு அனுப்பினாளே."

கேப்டன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சிரிப்பாரா, திட்டுவாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாளாக ஒரு பட்டாளத்தையே காலி நாற்காலிக்குத் தலைகுனிய வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வழக்கம் தப்பு என்றால் எடுத்துவிடலாமே சார் என்று இழுத்தேன். அதற்கு அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நம் நாட்டுப் பழக்கவழக்கங்கள் என்று படங்களோடு அச்சாகி, கட்டுக்கட்டாக ஏற்கெனவே எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அட்டையில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. படம் போட்டவன் பிரம்பு பின்னலைக்கூட விடவில்லை மச்சான். கடைசியில் கேப்டன் என்னை வரைபடத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்த வீடு எங்கே என்று கேட்டார். உன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தேன். அவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். எனக்கு அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுக்க மனசே இல்லை.

நானும் கூட வரட்டுமா என்று வாய்விட்டே கேட்டேன். பொதுமக்கள் ஆற்றைத் தாண்ட அனுமதி கிடையாது, அதிலும் என் வயதுக்காரர்களைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். எனக்கும் முட்டி வலி. ஆகவே என்னால் வர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்ளவும், உன்னை எச்சரிக்கை செய்யவும்தான் இந்தக் கடிதம். கூடிய சீக்கிரம் உன் வீட்டு வாசலுக்குச் சிப்பாய்கள் வருவார்கள். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். பயப்படாதே. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துத் தலைகுனிவார்கள். அதில் உன் அக்கா உட்கார்ந்திருந்தால் அவளுக்கே தலைகுனிந்ததாக இருக்கட்டும், அவள் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டாள். டீயைப் பாதி குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். ஃபேனை அணைப்பார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நீ நினைப்பாய். உன் அக்கா நினைக்க மாட்டாள். யார் வேலை இது என்று முதல் ஆள் இரண்டடி பின்னால் போகும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. நெட்டையன்கூட, அம்மா எப்படி இருப்பார்கள், எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டான். உயரமா குள்ளமா, நிறமென்ன என்றெல்லாம் சொல்ல முயன்றேன், எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில், எப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருப்பாள் என்றேன். புரிந்தது என்று தலையாட்டினான். அவன் அம்மாவும் அப்படித்தானாம்.

மற்றபடி நான் இங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பாடு, நாள் முழுக்க விருந்தாளிகள், ஒன்றுக்கும் குறைவில்லை. அவள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், பாலம் கட்டி முடிந்து, பஸ் விட்டு, எல்லாம் ஒழுங்கான பிறகு நிதானமாக வந்தால் போதும் என்று சொல். தொட்டி மூடி மூடியிருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு நான் தூங்குவதில்லை, அது வேறு விஷயம், மோட்டாரைப் போடாவிட்டாலும் தூங்குவதில்லை. அவள் நாற்காலியில் ஈரத் துண்டு போடுவதில்லை.

உன் காலுக்கு என் ஆசிகள். அது நீண்டகாலம் தரையில் இருக்கட்டும், ஸ்டூலில் ஏற வேண்டாம். உன் வீட்டாருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் என் அன்பு. உன் அக்காவுக்கு எதுவும் எழுதத் தெரியவில்லை. மிச்சம் இருக்கிற அன்பையெல்லாம் அவளிடம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன், முன்னாள் தராசு சோதகன், இந்நாள் குடும்பத் தலைவன் (தற்காலிகம்)

பி.கு.: மேலே 'என்னால் வர இயலாது' என்ற இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். சௌகரியமாக இருக்கிறேன் என்றதையும், அவசரப்பட வேண்டாம் என்றதையும், அந்தப் பக்கம் முழுவதையுமே அடித்துவிடு. புத்தகத்தில் சந்தேகம் வந்தால் விளக்கம் சொல்ல ஒரு ஆள் கூட இருக்க வேண்டும் என்று கேப்டன் எங்கேயோ எழுதி, எங்கேயோ கையெழுத்து வாங்கி, இன்று காலை என்னை லாரியில் ஏற்றிவிட்டார். மிதவைப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன், ஆகையால் ஆறு எப்படி இருந்தது என்று கேட்காதே. இதை உன் தெருமுனையில், நெட்டையன் முதுகில் வைத்து எழுதுகிறேன். அவன் சிரித்தால் எழுத்து கோணுகிறது. கதவைத் தட்டி இதை உன் கையில் கொடுக்கப் போகிறவன் அவன்தான். கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வான். அவனுக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து முழுசாகத் தெரிகிற இடத்தில், நான் நின்றுகொண்டிருப்பேன். நீ என்னைக் கூப்பிடாதே மச்சான், அது உன் வேலை இல்லை. உள்ளே போய் அவளிடம் ஒன்று மட்டும் சொல், நான் நம் வீட்டைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று. அவளே வந்து திறப்பாள்.